கனவில் பிடிபட்ட கொலையாளி

கொலைகாரன் யார் என்பது நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. ஊருக்குப் புதிதாக வந்தவன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவன், சிகரெட் பிடிப்பவன். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் அப்படிப்பட்ட நாவலில் அவன் தப்பவே முடியாது. அதற்குப் பிறகும் நான் விடாமல் படித்ததற்குக் காரணம் வேறு. கதை நடக்கும் சிற்றூர் மதுரைக்குத் தெற்கே இருப்பதாகப் பின்னட்டையில் போட்டிருந்தார்கள். கண்மாய்க்கரை, பனைமரங்கள், நடுவில் ஒரு பழைய மிஷன் கோயில். நம் பக்கத்து ஊரை, நம் கோயிலை, நம் ஆட்களை வைத்து ஒருவர் மர்மக்கதை எழுதியிருக்கிறார் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்?

புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் இங்கே வேண்டாம். நல்ல மனதோடு எழுதியிருக்கிறார், அது வரிக்கு வரி தெரிகிறது. கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே, பாட்டு கேசட்டுகளுக்கும் வசனக் காலண்டர்களுக்கும் நடுவில் அந்தப் புத்தகம் கிடந்தது. அட்டையில் கோபுரம், நிலா, தரையில் நீண்டு விழுந்த சிலுவை நிழல். பார்த்ததுமே வாங்கிவிட்டேன்.

கதை இதுதான். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ராத்திரி, சபைப் பொருளாளர் கோயிலின் வெஸ்ட்ரி அறையில் இறந்து கிடக்கிறார். காணிக்கைப் பெட்டி திறந்து கிடக்கிறது. ஊருக்கு மாற்றலாகி வந்திருக்கும் இளம் போதகர் துப்புத் துலக்க இறங்குகிறார். நூறு பக்கம் போல நல்லபடியாகவே நகர்கிறது. பிறகு போதகர் மூன்று நாள் உபவாசம் இருக்கிறார். மூன்றாம் இரவு கனவில் ஒரு கை வருகிறது, அதில் ஒரு மோதிரம். விடிந்ததும் மோதிரக்காரன் பிடிபடுகிறான். ஸ்டேஷனிலேயே மனம் திரும்புகிறான். கடைசி அத்தியாயம் முழுக்கப் பிரசங்கம்.

என் அத்தைக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். மிஷன் தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமங்கலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு நாவல் விரியும். பி.டி.சாமி, சிரஞ்சீவி, மேதாவி என்று தொடங்கி ராஜேஷ்குமார் வரை ஒன்றும் பாக்கி வைத்ததில்லை. அட்டைப் படங்கள் ஒரு டீச்சர் வீட்டில் வெளியே தெரியும்படி வைக்கிற மாதிரி இருக்காது என்பதால் எல்லாவற்றுக்கும் பழைய காலண்டர் தாளில் உறை போட்டிருப்பார். தாளின் வழவழப்பான பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. முதுகில் பென்சிலால் ஒரு எண் மட்டும் இருக்கும். துப்பறியும் கதையில் அவரை ஏமாற்றுவது கடினம். பாதியிலேயே "அந்தத் தம்பி இல்லப்பா, டாக்டருதான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்.

இந்த நாவலைப் படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "ஏப்பா, செத்துப்போன மனுசனுக்காக இதுல ஒருத்தருமே அழுகலயே. பொருளாளர் பொஞ்சாதி எங்க போனா?"

திரும்பப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். அடக்க ஆராதனை ஒரே ஒரு பத்தி. மனைவிக்குப் பெயர்கூட இல்லை.

எனக்கு அந்த நாவலில் குறையாகப் பட்டது வேறு. அது எந்த ஊர் என்றே தெரியவில்லை. கண்மாய் என்கிறார், ஆனால் மடை யாருடைய பொறுப்பு, தண்ணீர் எந்த வயலுக்கு முதலில் பாயும் என்று ஒரு வார்த்தை இல்லை. தெருக்களுக்குப் பெயர் இல்லை. எல்லோரும் எல்லோர் வீட்டிலும் காப்பி குடிக்கிறார்கள். சாதி என்ற ஒன்றே அந்த ஊரில் இல்லை. பிறகு யோசித்தபோது பிடிபட்டது. அது அமெரிக்கச் சிறுநகரம். அங்கே கிறிஸ்தவ வாசகர்களுக்கென்றே தனி நாவல் சந்தை உண்டு. ஃபிராங்க் பெரெட்டி 1986-ல் எழுதிய 'திஸ் பிரசன்ட் டார்க்னஸ்' நாவலில் ஆஷ்டன் என்ற கற்பனை நகரம் வரும். ஊர்ப் பத்திரிகைக்காரரும் சிறிய சபையின் போதகரும் ஆளுக்கொரு பக்கம் உண்மையைத் தேட, மேலே தேவதூதர்களும் பிசாசுகளும் சண்டையிடுவார்கள். லட்சக்கணக்கில் விற்ற நாவல் அது. நம்மவர் அந்த மாதிரிப் புத்தகங்களைப் படித்துவிட்டு ஊரையும் அங்கிருந்தே தூக்கிவந்து பனைமரத்தை மட்டும் நட்டிருக்கிறார்.

கதைக்கு ஊரை அங்கே போய்த் தேட வேண்டிய அவசியமே இல்லை. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்து மதுரா மிஷனைத் தொடங்கினார்கள். எங்கள் திருமங்கலத்தில் 1842-ல் அவர்கள் வைத்த செமினரி மூன்று வருடம் கழித்துப் பசுமலைக்குப் போனது. அதன் வழியில் 1881-ல் உருவானதுதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தச் சபைகளெல்லாம் அதற்குள் வந்தன. கத்தோலிக்கர் கணக்கு இன்னும் பழையது: ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606. ஒரு சமூகம் இத்தனை காலம் ஒரே இடத்தில் பிறந்து, கல்யாணம் முடித்து, அடக்கம் பண்ணி வாழ்ந்திருக்கிறது என்றால் அதற்குள் சொல்லப்படாத கதைகள் எத்தனை இருக்கும்?

நாவலில் வரும் அறுப்பின் பண்டிகையையே எடுத்துக்கொள்வோம். கொலை முந்தின ராத்திரி நடந்துவிடுவதால் பண்டிகையை அவர் எழுதவே இல்லை. எழுதியிருந்தால் கொலையாளியும் கொலைக்கான காரணமும் பண்டிகையில் நடக்கும் ஏலத்திலேயே கிடைத்திருக்கும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே எல்லாம் குவிந்து கிடக்கும். வாழைத்தார், பூசணி, நெல் மூட்டை, காலைக் கட்டிப் போட்ட சேவல், டீச்சரம்மாக்கள் செய்த கேக், ஒரு பாட்டி கொண்டுவந்த ஒற்றை முட்டை. கமிட்டி மெம்பர் ஒருவர் நாற்காலி மேல் ஏறி "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்பார். முட்டை மூன்று ரூபாயில் தொடங்கும். ஐம்பது, நூறு, இருநூறு. கேட்டு வாங்கியவர் அதை மறுபடியும் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடியும் ஏலம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று ஒரு வாழைத்தாருக்குச் சிரிப்பு நின்றுவிடும். இரண்டு பேர் மட்டும் கேட்டுக்கொண்டே போவார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஏலம் விடுபவரின் குரல் தணிந்துவிடும். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி தலையைக் குனிந்துகொள்வாள். முப்பது வருடத்துக்கு முன்னால் முறிந்துபோன ஒரு கல்யாணப் பேச்சு, அல்லது பங்கு பிரித்ததில் கோணலாகப் போன ஒரு வரப்பு அந்த வாழைத்தாரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும். மர்மக்கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

ஓலை வாசிப்பதும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரை ஆராதனையில் வாசித்து, தடை ஏதாவது இருந்தால் தெரிவிக்கலாம் என்பார் ஐயர், அதாவது போதகர். அந்த ஒரு நொடி கோயிலுக்குள் விழும் மௌனத்தைச் சின்ன வயதில் நான் பயத்தோடு கேட்டிருக்கிறேன். யாரும் எழுந்ததில்லை. எழ நினைத்து எழாமல் இருந்தவர்களின் கதைகளை அத்தை பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவற்றை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் முழு நாவலுக்குத் தாங்கும்.

கனவில் வந்த மோதிரத்துக்குத் திரும்புகிறேன். விசுவாசத்தை நாவலில் கொண்டுவந்ததில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நானும் அந்தச் சபையில் வளர்ந்தவன், ஜெபத்தின் வல்லமையை நம்புகிற வீட்டில் பிறந்தவன். ஆனால் துப்பறியும் கதைக்கு ஒரு நேர்மை உண்டு. வாசகனுக்கு முன் வைத்த தடயங்களை வைத்துத்தான் முடிச்சு அவிழ வேண்டும். இந்த நேர்மையைச் சட்டமாகவே எழுதி வைத்தவர்களில் ஒருவர் கத்தோலிக்கக் குருவானவர் என்பது நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய விஷயம். இங்கிலாந்தின் ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை எழுதினார். அமானுஷ்ய சக்திகளுக்குக் கதையில் இடமில்லை என்பது அதில் ஒன்று. தற்செயலோ காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வோ துப்பறிபவருக்கு உதவக்கூடாது என்பது இன்னொன்று. தினமும் பூசை வைத்த மனிதர் போட்ட விதி இது. கடவுளைக் கதையிலிருந்து வெளியேற்றுவது அவர் நோக்கமாக இருந்திருக்க முடியாது. கடவுள் மனிதனுக்குப் புத்தி என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார், அதைப் பயன்படுத்தட்டும் என்பதே.

ஜி.கே.செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுனும் அதைத்தான் செய்கிறார். 1911-ல் முதல் தொகுதி வந்தது. குள்ளமான, குடையைத் தொலைத்துக்கொண்டே இருக்கிற சாமியார். முதல் கதையில் பாதிரியார் உடை போட்டு வந்த திருடனை அவர் கண்டுகொள்வதற்கு ஒரு காரணம், அந்த ஆள் பகுத்தறிவை இகழ்ந்து பேசியது. உண்மையான குருவானவர் அறிவைப் பழிக்க மாட்டார் என்பது பிரவுனின் கணக்கு. அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி ஜான் ஓகானர் என்ற நிஜமான குருவானவர். யார்க்‌ஷயர்ப் பக்கம் அவரோடு நடந்து போகும்போது, மனிதர்களின் தீமையைப் பற்றி அந்த அமைதியான மனிதருக்கு இருந்த அறிவைக் கண்டு செஸ்டர்டன் ஆடிப்போனாராம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து வருடக்கணக்காக மனிதர்களைக் கேட்டவருக்கு அது தெரியாமல் போகுமா? பிரவுன் கொலைகாரனைப் பிடிப்பது, அந்தக் கொலையைத் தானே செய்திருக்கக் கூடியவனாகத் தன்னை நினைத்துப் பார்ப்பதால். தன்னையும் பாவியாக எண்ணத் தெரிந்தவரே அங்கே துப்பறிகிறார். நம் நாவலின் போதகரோ கடைசிவரை வெள்ளை உடுப்பில் ஒரு கறைகூடப் படாமல் நிற்கிறார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வேதாகமத்தைத் திறந்தாலே போதும். யோசேப்பின் பல வர்ண அங்கியை வெள்ளாட்டு ரத்தத்தில் தோய்த்து அப்பனிடம் காட்டுகிறார்களே அண்ணன்மார், அது போலித் தடயம். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்காக இரண்டு பொய்ச் சாட்சிகளை உட்கார வைத்து, ஊர்க் கூட்டத்தின் பெயரில் ஒருவனைக் கல்லெறிந்து கொல்கிறார்களே, அது நிலத்துக்காக நடந்த கொலை. உரியாவின் கையிலேயே அவன் மரண ஓலையைக் கொடுத்தனுப்புகிறான் தாவீது ராஜா. இதில் எந்த இடத்திலும் வேதம் தன் ஆட்களைக் காப்பாற்றப் பார்க்கவில்லை. ராஜாவானாலும் "நீயே அந்த ஆள்" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல ஒரு நாத்தான் வருகிறார்.

கத்தோலிக்க நண்பன் வீட்டு வேதாகமத்தில்தான் தானியேல் புத்தகத்தின் கடைசியில் சூசன்னா கதையை முதலில் படித்தேன். எங்கள் புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் அது கிடையாது. ஒரு பெண்ணின் மேல் இரண்டு முதியவர்கள் பழி சொல்கிறார்கள். ஊரே நம்பிவிட்டது, சாவுக்குக் கூட்டிப் போகிறார்கள். இளைஞன் தானியேல் இரண்டு பேரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்துக்கு அடியில் பார்த்தாய் என்று தனித்தனியே கேட்கிறான். ஆளுக்கொரு மரத்தைச் சொல்கிறார்கள். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. அடுத்த கதையில் பேல் தெய்வத்துக்குப் படைத்த சாப்பாடு ராத்திரியில் காணாமல் போகிறது. தெய்வமே சாப்பிடுகிறது என்கிறார்கள் பூசாரிகள். தானியேல் கோயில் தரையில் சாம்பலைத் தூவிவிட்டுக் கதவைப் பூட்டுகிறான். காலையில் பார்த்தால் ஆண், பெண், பிள்ளைகளின் காலடித் தடம். டாரதி சேயர்ஸ் 1928-ல் தொகுத்த துப்பறியும் கதைத் தொகுதியில் இந்த இரண்டையும் சேர்த்தார். இதே தானியேல் கனவுகளுக்கு அர்த்தம் சொல்வதில் பெயர் பெற்றவன் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்ற அவனுக்குக் கனவு வரவில்லை. குறுக்கு விசாரணை செய்தான்.

அத்தையிடம் சூசன்னா கதையை வாசித்துக் காட்டினேன். "இதை ஏன்டா நமக்கு ஞாயிறு பள்ளியில சொல்லித்தரல?" என்று கேட்டார். அந்தக் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

மதுரையில் நடந்த பெரிய கிறிஸ்தவ வழக்கே ஒன்று உண்டு. நொபிலி வந்தபோது அவருக்கு முன்பே இங்கே இருந்த குருவானவர் கொன்சாலோ பெர்னாண்டஸ். கடற்கரைப் பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்து வந்தவர். நொபிலியோ காவியுடுத்தி, மரக்கறி உண்டு, தனி வீட்டில் குடியேறி, பிராமணர்களோடு தத்துவம் பேசுகிறார். கூடப் பணி செய்தவரே அவர்மேல் புகார் எழுதி அனுப்பினார். சிலுவையை விட்டுவிட்டு அஞ்ஞானிகளோடு சேர்ந்துவிட்டார் என்கிற அளவுக்குக் குற்றச்சாட்டு. நொபிலி பதில் எழுதினார். இங்கிருந்த பிராமணர்களிடமே சாட்சியம் வாங்கினார். கோவாவில் விசாரணை நடந்தது. கடைசியில் ரோமாபுரியிலிருந்து 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஒரே ஊரில் இரண்டு பாதிரியார்கள், இரண்டு அடுப்பு, ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் கண்கள், கப்பலில் போகும் கடிதங்கள். யார் சரி என்று இன்றுவரை வாதாடலாம். சாதியைப் பழக்கமென்று விட்டுவைத்த நொபிலியா, மண்ணின் பண்பாட்டை மதிக்கத் தெரியாத பெர்னாண்டஸா? நானூறு வருடமாகக் காத்திருக்கும் கதை இது.

சாதியை ஒதுக்கிவிட்டு இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவ ஊர் ஒன்றை எழுதவே முடியாது. 1840களின் பிற்பகுதியில் மதுரா மிஷன், எல்லோரோடும் சேர்ந்து உண்ணச் சம்மதித்தால்தான் வேலை என்று சொன்னபோது உபதேசியார்கள் பலர் வேலையை விட்டார்களே தவிர பந்தியில் உட்காரவில்லை. தெற்கே வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு இரண்டு தனிக் கூடங்கள் வைத்துக் கோயில் கட்டினார்கள். சாதிக்காகப் போட்ட அந்தத் தடுப்பு 1910-ல்தான் எடுபட்டது. கல்லறைத் தோட்டங்களில் யார் எந்த மூலை என்பது இன்றும் பல ஊர்களில் எழுதாத சட்டம். வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்து, கன்னியாஸ்திரீயாகி, மடத்தை விட்டு வெளியே வந்த பாமா 1992-ல் 'கருக்கு' எழுதினார். மதுரையில் இயேசு சபையினர் நடத்தும் ஐடியாஸ் மையம்தான் அதை முதலில் வெளியிட்டது. சபையே தன்னைக் குற்றம் சாட்டும் புத்தகத்தைத் தானே அச்சிட்டது என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அதில் கொலை இல்லை, துப்பறிபவர் இல்லை. ஆனால் கிறிஸ்தவச் சிற்றூரில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வியை அதுபோல நேராகக் கேட்ட புத்தகம் குறைவு. நம் நாவலாசிரியர் 'கருக்கு' படித்திருந்தால் அவருடைய ஊரில் தெருக்களுக்குப் பெயர் இருந்திருக்கும்.

ஒருமுறை வேறொரு வேலையாக ஒரு சிற்றூர்ச் சபையின் பழைய அடக்கப் பதிவேட்டைப் புரட்டும் வாய்ப்புக் கிடைத்தது. நீலக் கோடு போட்ட தடித்த நோட்டு, முதுகில் பழுப்புத் துணி, ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. பெயர், வயது, தகப்பன் அல்லது புருஷன் பெயர், ஊர், இறந்த தேதி, மரணத்துக்குக் காரணம், அடக்கம் செய்தவர் கையொப்பம் என்று வரிசையாகக் கட்டங்கள். காய்ச்சல், பேதி, பிரசவம், முதுமை. நடுநடுவே இளம் பெண்களின் பெயருக்கு நேரே "வயிற்றுவலி". இந்தப் பக்கத்துப் பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தீராத வயிற்றுவலி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குக் கோயில் அடக்கத்தை மறுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஆறடி மண்ணும் ஒரு ஜெபமும் கிடைக்கட்டும் என்று அந்தக் கட்டத்தில் வயிற்றுவலி என எழுதிய உபதேசியார் செய்தது இரக்கமா, அல்லது அவளை அந்த நிலைக்குத் தள்ளியவர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பா? இரண்டுமாகவும் இருந்திருக்கலாம். அந்த ஒரு சொல்லை எழுதிய பேனாவிலிருந்து தொடங்கி ஒரு நாவல் எழுதலாம். அதில் கொலையாளியைக் கண்டுபிடிக்க உபவாசம் தேவைப்படாது. அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் போய் ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் போதும்.

பிரசங்கம் கதையை விழுங்குவது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைக்க வேண்டாம். வத்தலக்குண்டு பி.ஆர்.ராஜமய்யர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' இந்த மதுரை மண்ணின் நாவல். சிறுகுளம் என்ற கிராமம், வம்பு பேசும் பெண்கள், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை, கொள்ளைக்காரன் பேயாண்டித் தேவன் என்று என்ன உயிர்! பிற்பகுதி வேதாந்தத்தில் கரைந்துபோகிறது என்று அந்தக் காலத்திலிருந்தே குறை சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் சிறுகுளத்தை மறக்க முடியவில்லை. இருபத்தாறு வயதில் செத்துப்போன அந்த இளைஞர் முதலில் ஊரைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பிறகு வேதாந்தத்துக்குப் போனார். நம் நாவல் வரிசையை மாற்றிவிட்டது.

நம்பிக்கையையும் மர்மத்தையும் ஒரே கதையில் கட்டி ஊரே பார்க்கும்படி செய்தவரும் நம் மதுரையில்தான் வாழ்ந்தார். இந்திரா சௌந்தர்ராஜன். 1990களின் பிற்பகுதியில் அவர் கதையில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு' சன் டிவியில் வந்தபோது, எங்கள் தெருவில் ஜெபக்கூட்டத்தை முடித்துவிட்டு அவசரமாக வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. ஒரு கிராமம், அதன் காவல் தெய்வம் கருப்பு, தப்பு செய்தவர்களுக்கு விழும் தண்டனை. செய்வது சாமியா மனுசனா என்ற கேள்வி கடைசிவரை உயிரோடு இருந்தது. நம்புகிறவனும் நம்பாதவனும் ஒரே ஆவலோடு பார்க்க முடிந்தது. 2024 நவம்பரில் அவர் மதுரையில் காலமானார். கருப்புக்குக் கிடைத்த அந்த எழுத்தாளர் எங்கள் கோயில்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

உலகத்தில் கிடைத்திருக்கிறார்கள். தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' ஒரு சிற்றூரில் நடக்கும் கொலையின் கதைதான். தகப்பனைக் கொன்றது எந்த மகன் என்ற கேள்விதான். 'குற்றமும் தண்டனையும்' நாவலில் கொன்றவன் யார் என்பது தொடக்கத்திலேயே தெரியும், நம் நாவலைப் போலவே. ஆனால் அவன் எப்போது தன் வாயால் சொல்லப்போகிறான் என்று கடைசிவரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சோனியா அவனுக்கு லாசருவின் கதையை வாசிக்கும் இடத்தைக் கடந்து வந்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் நடந்தேன். கிறிஸ்தவ நம்பிக்கையை இதைவிட ஆழமாக ஒரு குற்றக் கதைக்குள் வைத்தவர் இல்லை. அதைத் தமிழில் கொடுத்தவர் மதுரை பாத்திமா கல்லூரியில் நீண்டகாலம் தமிழ் கற்பித்த எம்.ஏ.சுசீலா. 2007-ல் மதுரையிலிருந்தே அந்த மொழிபெயர்ப்பு வெளிவந்தது. கன்வென்ஷன் புத்தகக் கடைகளில் அதை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. அங்கே முதல் வரிசையில் இருக்க வேண்டிய புத்தகம் அது.

அத்தை இப்போது இல்லை. அவருடைய நாவல்களில் பாதியை எடைக்குப் போட்டுவிட்டார்கள், மீதி என்னிடம் இருக்கிறது. அந்த மர்ம நாவலுக்கும் அவர் காலண்டர் தாளில் உறை போட்டு எண் எழுதி வைத்திருந்தார். ஏமாற்றிய புத்தகத்துக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தவர் அவர். எனக்கும் அதன் ஆசிரியர் மேல் கோபம் இல்லை. கிறிஸ்தவச் சிற்றூரில் ஒரு மர்மக்கதை என்று நினைத்துப் பார்த்ததற்கே அவருக்கு நன்றி சொல்வேன். அவர் தன் ஊரை அளவுக்கு மீறி நேசித்துவிட்டார். அதில் ஒருவர்மேலும் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை. மர்மக்கதை எழுதுகிறவருக்கு அந்த மனம் வந்தே ஆக வேண்டும்.

திருமங்கலத்திலோ மேலூரிலோ உசிலம்பட்டியிலோ, மிஷன் காம்பவுண்டில் வளர்ந்த பிள்ளைகள் யாராவது எழுத நினைத்தால் இதைச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் சபையில் உள்ள வயதான கோயில்பிள்ளையிடம் போய் உட்காருங்கள். பதிவேடுகளைப் பார்க்க ஐயரிடம் அனுமதி கேளுங்கள். பாஸ்டரேட் கமிட்டி தேர்தலையும் அசனப் பந்தியையும் கல்லறைச் சுவரையும் விட்டுவிடாதீர்கள். கொலையாளி காணிக்கை எடுப்பவராக இருக்கட்டும், பாட்டுக்காரராக இருக்கட்டும், முதல் பெஞ்சில் உட்காருபவராக இருக்கட்டும். செத்தவரின் மனைவிக்கு ஒரு பெயர் வையுங்கள், அவள் அழுவதை எழுதுங்கள். ஜெபமும் இருக்கட்டும், ஆனால் முடிச்சை மனுசன் தன் புத்தியால் அவிழ்க்கட்டும். எழுதி முடித்ததும் சொல்லுங்கள், முதல் பிரதியை வாங்க நான் இருக்கிறேன்.